முதலாளிக்கு டிப்ஸ் கிடையாது

ஜூலை 23, ஞாயிறு

தக்காளி கிலோ நூற்றைம்பதுக்குப் போய், சட்னி அரைத்த வீட்டைத் தெருவே பொறாமையோடு பார்த்த வருஷம் இது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டை அச்சடித்துத் தந்தவர்களே அதைத் திரும்பக் கேட்ட வருஷம். சந்திரனுக்கு ஒரு வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது என்கிறார்கள். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் நின்றால் ஜங்ஷன் பஸ்தான் வந்த பாடில்லை. வருஷத்தின் நம்பரைச் சொன்னால் எனக்கு அடையாளம் தெரியாது, இப்படிச் சொன்னால் தெரியும். எனக்கு எண்பத்தொன்று நடக்கிறது.

பெயர் குத்தாலம். எழுதப் படிக்கத் தெரியாது. சண்முகவிலாஸ் காபி கிளப்பில் நாற்பத்திரண்டு வருஷம் சப்ளையர். எட்டு மேசை, முப்பத்திரண்டு வாய். யார் என்ன கேட்டார்கள், யாருக்குச் சட்னி ஆகாது, யாருக்குச் சாம்பாரில் மிளகாய் கிடந்தால் கோபம் வரும், எல்லாம் தலைக்குள் இருந்தது. ஒருநாளும் மேசை மாற்றி இலை போட்டதில்லை.

இந்த நோட்டில் எழுதுவது மாடி வீட்டு ஞானசுந்தரி. கோர்ட்டில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட். நான் வாயில் வந்ததைச் சொல்கிறேன், அவள் அதற்குச் சட்டை போட்டு எழுதுகிறாள். "கொலக் கேஸ் சாட்சியவே ஒழுங்குபடுத்தினவ நான். நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

நோட்டு வாங்கித் தந்தது மகள் ஆவுடை. போன மாசம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். பாத்திரம் கரிந்தது. ஒரு பாத்திரம் கரிந்ததற்கு ஓசூரிலிருந்து ஒரு மகள் வந்துவிட்டாள். தினமும் நடந்ததைச் சொல்லி எழுதிவைத்தால் புத்தி மங்காதாம்.

"தீவாளி வரைக்கும் பாப்பேன். இன்னொரு மறதி வந்துச்சுன்னா மூட்டையக் கட்டி ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றாள்.

ஓசூரில் அவள் இருப்பது ஒரே மாதிரி நாலு கட்டடம் நிற்கிற இடம். பெயர்ப் பலகையை வாசித்தால்தான் எது நம் கட்டடம் என்று தெரியும். போன தடவை மூன்று நாள் இருந்தேன். இரண்டு நாள் அடுத்தவன் வீட்டு மணியை அடித்தேன்.

ஆவுடை ஊருக்குக் கிளம்புவதற்கு முன் என்னை ஏசி சலூனுக்கு இழுத்துப் போனாள். தலையில் இருக்கிற நாற்பது முடிக்கு ஷாம்பு, தண்ணீர், காற்று. வெட்டியவனுக்குக் கூலிக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்தாள்.

"எதுக்குட்டி அம்பது ரூவா?"

"டிப்ஸுப்பா. நீங்க வாங்கினதில்லயா?"

"வாங்கிருக்கேன். ஆனா நான் எவன் தலையிலயும் கை வச்சதில்ல."

ஞானசுந்தரியின் கட்சி வேறு. அவள் யாருக்கும் ஒரு பைசா மேலே கொடுக்கமாட்டாள். சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்கு இன்னொரு சம்பளம் என்பாள். "கோர்ட்டுல டவாலி கைய நீட்டினா அதுக்குப் பேரு மாமூல். ஓட்டல்ல நீங்க நீட்டினா டிப்ஸ். வெள்ளச் சட்டைதான் வித்தியாசம்."

டிப்ஸ் வாங்கியே ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் நான். எனக்கு இதில் ஒரே சட்டம். வேலைக்காரனுக்குக் கொடுக்காமல் போகிறவன் கஞ்சன். முதலாளிக்குக் கொடுக்கிறவன், அவரைப் பார்த்து நீ வேலைக்காரன் என்று சொல்கிறான். ஒருமுறை ஆள் குறைச்சலான அன்றைக்கு எங்கள் முதலாளியே பனியனோடு நின்று காபி ஆற்றிக் கொடுத்தார். வெளியூர் உர வியாபாரி ஒருத்தர் அவர் கையில் எட்டணாவை வைத்து அமுக்கிவிட்டுப் போனார். முதலாளிக்கு அப்போது மூன்று பஸ், இரண்டு வீடு. மறுநாளிலிருந்து சில்க் ஜிப்பா போட்டு வந்தார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பால் வாங்கப் போனபோது உலகநாதன் சலூன் திறந்திருந்தது. ஐம்பது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை கத்தியைத் தொடாதவன், எவன் தலையையோ குனியவைத்துப் பிடரியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"என்னவே உலகு, இன்னைக்குச் செவ்வாய்லா?"

"காலம் மாறிட்டு அண்ணாச்சி. இப்பம் உள்ள பயலுவளுக்குச் செவ்வாயேது, வெள்ளியேது."

"நீரு முதலாளி. நீரு பூட்டினா அவனுவ புதங்கெழம வாரானுவ."

"அதுஞ்சரிதான்" என்று சொல்லிவிட்டு, மெஷினில் இல்லாத முடியை ஊதினான்.

உலகு என்னைவிட ஏழு வயது இளையவன். தபால் பெட்டியிலிருந்து மூன்றாவது கடை, மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, அதுதான் நியூ உலகு சலூன். கடை திறந்த நாளிலிருந்து என் தலை அவன் கையில். புதன்கிழமை கூட்டம் இருக்காது என்பதால் வாராவாரம் புதன்கிழமை சவரம். கேட்ட கூலிக்கு மேல் இதுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை. அவன் முதலாளி. சட்டம் சட்டம்தான்.

அவன் மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறான். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆறாம் நம்பர் மேசைக்கு ஆறு பேர் வருவார்கள். நாலு பேர் மேசைதான், நெருக்கி உட்காருவார்கள். மற்றவர்கள் எழுந்து போகும்போது சில்லறையை மேசையில் சத்தம் வருகிற மாதிரிப் போடுவார்கள். உலகு டபராவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவான். எப்போது வைத்தான் என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

சவரத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு இளவட்டம். தாடியை ரோட்டோரச் செடி மாதிரிக் கத்தரித்து வாங்கிக்கொண்டான். போனில் கூலியைக் கட்டிவிட்டு, போகிற போக்கில் உலகு கையில் இருபது ரூபாயைத் திணித்தான். "டீ குடிங்கண்ணே" என்றான்.

உலகு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"என்னவே, அந்தப் பய ஒம்ம கையில துட்டத் திணிக்கான்?"

"சில்லற மாத்தக் கேட்டான் அண்ணாச்சி."

சில்லறை கேட்டவன் சில்லறை வாங்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எனக்குக் கவனிக்கிற பழக்கம் உண்டு. கேட்கிற பழக்கம் இல்லை.

ஆகஸ்ட் 16, புதன்

முழங்கால் வலி. சவரம் இல்லை. இட்லி வாங்கி வந்தேன், கல். எட்டாம் நம்பர் மேசைக்காரர்களாக இருந்தால் என் முகத்திலேயே எறிந்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 23, புதன்

வண்டி சந்திரனில் இறங்கிற்று. நான் உலகு கடையில் இருந்தேன். முகத்தில் பாதி நுரை, பாதி சவரம். கடையில் இருந்த அத்தனை பேரும் சுவரில் மாட்டிய டிவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியை என் தொண்டையில் வைத்தபடி உலகுவும் பார்த்தான். நாட்டுக்காக நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். முடி வெட்டி முடித்திருந்த பாங்க்காரர் ஒருத்தர், தட்டின கையோடு போனை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட அட்டையில் காட்டினார்.

"பேரு ராஜபிரின்ஸ்னு வருது. சரிதான?" என்றார்.

"சரிதான், சரிதான். அனுப்புங்க" என்றான் உலகு. ராக்கெட் விட்டவனைவிட அவசரமாகச் சொன்னான்.

"யாருவே ராஜபிரின்ஸு?"

"நம்ம மூத்தவ மாப்பிள்ள அண்ணாச்சி. எனக்கு இந்தப் போன் சமாச்சாரம் வெளங்காதுல்லா. அவரு பேருல போட்டிருக்கு."

உலகுவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் புருஷன் பெயர் கணபதிராமன், இளையவள் புருஷன் முத்துக்குமார். இரண்டு கல்யாணப் பந்தியிலும் சாம்பார் ஊற்றியவன் நான்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஞானசுந்தரியிடம், பஜாருக்குப் போனால் உலகு கடைப் பலகையை வாசித்துவிட்டு வா என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. கோர்ட்டில் இருந்தவள், சாட்சியைக் குறுக்கே கேட்பது தன் வேலை இல்லை என்று தெரிந்தவள்.

வந்து சொன்னாள். "பிரின்ஸ் மென்ஸ் சலூன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. கீழ சின்னதா, உரிமையாளர் ராஜபிரின்ஸ்."

"மஞ்சப் பலகதான?"

"மஞ்சதான். சிவப்பு எழுத்து."

"உலகுன்னு எங்கயாச்சும் எழுதிருக்கா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். கதவுல 'தள்ளு'ன்னு ஒண்ணு எழுதிருக்கு. வேற எழுத்தே கிடையாது."

பக்கத்துத் தையல் கடையில் விசாரித்தும் வந்திருந்தாள். கொரோனாவில் சலூனை மாசக்கணக்காகப் பூட்டிவைத்தபோதே உலகு நொடித்துவிட்டானாம். நாற்காலி, கண்ணாடி, டிவி எல்லாவற்றோடும் கைமாற்றிவிட்டான். பலகை மாறியது போன பொங்கலுக்கு. ராஜபிரின்ஸுக்கு இது நாலாவது கடை. உலகுவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. டீயிலிருந்து மாத்திரை வரை வெட்டிக்கொண்டவர்கள் மேலே தருகிற காசில்தான் ஓடுகிறதாம்.

அப்படியென்றால் பஜாரில் வாசிக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவன் வேலைக்காரன். தெருவில் பலகையை வாசிக்கத் தெரியாதவன் நான் ஒருத்தன். என் ஒருத்தனுக்காக வாரத்தில் அரைமணி நேரம் அவன் முதலாளியாக இருக்கிறான்.

இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் இல்லை. விவரத்துக்காகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. பால் கரியவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

சவரத்துக்குப் போனேன். கொடுக்காமல் போனால் நான் கஞ்சன். கொடுத்தால், உன் கடை போனது எனக்குத் தெரியும் என்று அவன் முகத்துக்கு நேரே பலகை எழுதி மாட்டுகிறேன். டிப்ஸ் வேண்டும், வேண்டாம் என்று சண்டை போடுகிற ஆவுடையையும் ஞானசுந்தரியையும் இந்த நாற்காலியில் உட்காரவைத்தால் தெரியும்.

உலகு என் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னான். "இந்த நாக்காலிக்கு ரெக்சின் மாத்தலாம்னு இருக்கேன் அண்ணாச்சி."

"மாத்தும். சிவப்புப் போடும், எடுப்பா இருக்கும்."

"சிவப்பா, பச்சையா?"

"நீரு முதலாளி. ஒம்ம இஷ்டம்."

கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 6, புதன்

எழுந்திருக்கும்போது நாற்காலியில் ஐம்பது ரூபாயை நழுவவிட்டேன். கடையைத் தாண்டி, கறிக்கடையைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, ரூவா விழுந்துட்டு. துட்டப் பாத்து வச்சிக்கிடும்."

எழுபத்துநாலு வயதில் என்ன ஓட்டம். நேர்மையானவனுக்கு உதவி செய்கிற மாதிரிக் கடுப்பான வேலை உலகத்தில் இல்லை.

செப்டம்பர் 13, புதன்

இன்று ஒரு புதுத்தொழில் ஆரம்பித்தேன். சவரம் முடிந்தது, கூலி கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படம் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்து எழுந்து மறுபடி கூலியை நீட்டினேன்.

"இப்பத்தான தந்தீரு அண்ணாச்சி."

"எப்பம் தந்தேன்? சவரம் முடிஞ்சு இப்பத்தான எந்திரிக்கேன்."

"தந்துட்டீரு. நான் பெட்டியில போட்டேன்லா."

"ஏன்வே, எனக்கு மறதின்னா சொல்லுதீரு? முப்பத்திரண்டு வாய்க்கு ஆர்டர் வச்சவன்கிட்டயா?"

கடையே திரும்பிப் பார்த்தது. உலகு என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக வாங்கிக்கொண்டான். பெட்டியில் போடவில்லை. தன் பையில் வைத்தான்.

"சரி அண்ணாச்சி. நான்தான் மறந்துட்டேன்" என்றான்.

வெளியே வந்ததும் எனக்கு நாற்பது வயது குறைந்துவிட்டது.

செப்டம்பர் 20, புதன்

மறுபடி இரண்டு தடவை கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

செப்டம்பர் 27, புதன்

வாங்கிக்கொண்டான். நடிப்புக்குக் கனம் சேர, இன்றைக்கு என்ன கிழமை என்றும் கேட்டுவைத்தேன். ஞானசுந்தரி சொல்கிறாள்: "ஓவரா ஆக்ட் பண்ணாதீங்க அண்ணாச்சி. பொய்ச் சாட்சி மாட்டுறதே கூடுதலாப் பேசித்தான்."

மறதி நல்ல சொத்து. இத்தனை வருஷம் அனுபவிக்காமல் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 4, புதன்

நாலாவது வாரம். வாங்கும்போது உலகுவின் கண் கலங்கியிருந்தது. ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறான்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

கஷ்டம் அவனுக்கில்லை, எனக்கு.

காலையில் ஆவுடை போன் செய்தாள். "உலகு மாமா போன் பண்ணாருப்பா. குடுத்த துட்டையே மறந்து ரெண்டு ரெண்டு தடவ குடுக்கீங்களாம். கெழம தெரியலையாம். 'ஒங்கப்பாவத் தனியா விடாத தாயி'ன்னு அழுதாரு."

என் முன்னால் இரண்டு பாதை. மறதி இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் இரண்டு தடவை என்பாள். ஆவுடையிடம் சொன்னது அன்று சாயங்காலமே உலகு காதுக்குப் போகும். இவள் வாயில் பூட்டு கிடையாது, அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

"ஆமாட்டி" என்றேன். "மறதிதான்."

ஞானசுந்தரி இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். எடு என்று இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

அக்டோபர் 16, திங்கள்

ஆவுடை போனிலேயே ஏற்பாடு செய்து, ஞானசுந்தரியோடு என்னை ஒரு ஞாபக டாக்டரிடம் அனுப்பினாள். நல்ல மனுஷன், மூக்கில் நல்ல கண்ணாடி. கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வாழ்நாளில் நான் பென்சில் பிடித்ததில்லை. உருண்டையாக ஏதோ போட்டேன். கடைசியில் அது வடை மாதிரித்தான் வந்தது. பிறகு ஒரு காகிதத்தைக் காட்டி இதை வாசியுங்கள் என்றார். தெரியாது என்றேன். "மறந்துட்டீங்களா?" என்றார்.

படிக்காததை மறந்துபோனதாக எழுதிக்கொடுத்த ஒரே டாக்டர் அவராகத்தான் இருக்கும். ஞானசுந்தரி சண்டைக்குக் கிளம்பினாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஆவுடை சாயங்காலம் சொல்லிவிட்டாள். தீபாவளிக்கு மறுநாள் ஓசூர்.

அக்டோபர் 18, புதன்

சவரத்துக்குப் போகவில்லை. பெட்டியில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்தேன். எல்லாமே விடுகிற சாமானாகத்தான் இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

ஞானசுந்தரி இன்று என்னிடம் கத்தினாள். "இந்த நோட்டத் தூக்கி ஆவுடை கையில குடுங்க. ரெண்டு பக்கம் வாசிச்சாப் போதும், கேஸ் முடிஞ்சுபோச்சு. அந்த மனுசன் கௌரவத்துக்கு நீங்க எதுக்கு ஜெயிலுக்குப் போகணும்?"

"காட்டினா எனக்கு ஓசூர் இல்ல. அவனுக்குக் கட இல்ல."

"கட ஏற்கனவே இல்ல அண்ணாச்சி."

"ஒனக்கு இல்ல. பாங்க்காரருக்கு இல்ல. புதங்கெழம அரைமணி நேரம் இருக்குல்லா? அதச் சொல்லுதேன்."

இனி எழுதி முடித்ததும் நோட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்று முடிவு. இதில் பாசம் கீசம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் டபராவுக்கு அடியில் எனக்காகச் சில்லறை இருந்தது, வைத்தவன் ஒருநாளும் முகம் காட்டவில்லை. நான் மட்டும் எப்படிக் காட்டுவது.

நவம்பர் 10, வெள்ளி

ஆவுடை வந்துவிட்டாள். மழை. என் வேட்டிகளை மடித்து ஒரு பையில் அடுக்கினாள். எல்லாவற்றையும் என்னிடம் இரண்டு தடவை சொல்கிறாள், ஒருமுறை சத்தமாக, ஒருமுறை மெதுவாக.

நவம்பர் 11, சனி

மத்தியானம் உலகு வந்தான். கையில் மெஷின், கத்தி, துண்டு வைத்த பை. நாளை தீபாவளி, சலூனில் நிற்க இடம் இருக்காது.

"கடைய விட்டுட்டு எப்படிவே வந்தீரு?"

"ஒரு மணி நேரம் சொல்லிட்டு வந்தேன்" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். முதலாளி யாரிடம் சொல்லிவிட்டு வருவான்? எனக்குக் காது கேட்காத வயசு என்று வைத்துக்கொண்டேன்.

மழை விட்டிருந்த முற்றத்தில் நாற்காலி போட்டு முடி வெட்டினான். சவரம் செய்தான். ஒவ்வொரு முடியாக எடுத்தான், நாற்பதும் நானூறு மாதிரி. ஆவுடை கூலி கொடுக்க வந்தபோது வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது ஒங்கப்பா மறந்துபோயி ரெண்டாவது தடவ தந்த துட்டு, தாயி. வாங்கலன்னா வருத்தப்படுவாருன்னுதான் வாங்கினேன். தொடல. நீ வச்சிக்கோ."

நாலு வாரம் நான் போட்ட நாடகத்துக்கு வசூல் அத்தனையும் அப்படியே திரும்பி வந்தது. ஞானசுந்தரி கதவோரமாக நின்று என்னைப் பார்த்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

காபி போட்டேன். டபரா டம்ளரோடு கொண்டுவந்து, ஆவுடை கை நீட்டுவதற்குள் அந்தப் பொட்டலத்தின் மேலேயே வைத்தேன். சப்ளையர் கை அது. வைக்கிற இடம் தவறாது.

உலகு டம்ளரைத் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஓசூருக்குப் போகுமுந்தி ஒண்ணு கேக்கட்டுமா? ஆறாம் நம்பர் மேச ஞாபகம் இருக்கா? ஆர்டர் சொல்லும், பாப்போம். தெரிஞ்சது மட்டும் போதும்."

ஆவுடை, "பாவம் மாமா, விடுங்க" என்றாள்.

எனக்குப் புரிந்தது. சரியாகச் சொன்னால் ஓசூர் இல்லை. ஆனால் மறதி பொய் என்று உலகுவுக்குத் தெரிந்துவிடும். எதற்கு அந்தப் பொய் என்று கண்டுபிடிக்க அவனுக்கு அரைநிமிஷம் போதும். தப்பாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வாயைத் திறந்தேன். அந்த மேசையின் முதல் ஆள் வின்சென்ட்டுக்கு இரண்டு இட்லி என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

சொல்ல முடியவில்லை. இட்லியைக் கண்டால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்பார் அவர். செத்தவர் இலையில் தப்பான பலகாரத்தை வைக்கக் கை வந்தாலும் வாய் வரவில்லை.

"தந்தியாபீஸ் வின்சென்ட்" என்றேன். "ஒரு நெய் ரோஸ்ட், முறுகலா, நடுவுல மடிக்கக் கூடாது."

உலகு நிமிர்ந்தான்.

"சைக்கிள் கட மீராசா. ரெண்டு இட்லி, சாம்பார்ல முங்கிக் கெடக்கணும், ஸ்பூன் வேண்டாம். ஜவுளிக்கட பிச்சுமணி. ரவா தோச, தேங்காச் சட்னி ஆகாது. லாட்ஜ் தாணுமூர்த்தி. ஒரு செட் பூரி, கெழங்கு தனியா, எண்ணெய் வடிச்சு. கண்டக்டர் அருளானந்தம். பலகாரம் கெடயாது, அடுத்தவன் காபியில பாதி, அதுலயும் நொர வேணும்."

ஆவுடை கையில் மடித்த வேட்டி அப்படியே நின்றது.

"ஆறாவது ஆளு?" என்றான் உலகு.

"சலூன் உலகநாதன். ஒரு காபி, ஸ்ட்ராங்கா, சீனி பாதி. குடிச்சு முடிச்சதும் டபராவுக்கு அடியில நாலணா. வைக்கும்போது சப்ளையர் பாக்கமாட்டான். எடுக்கும்போது அவரு பாக்கமாட்டாரு."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. உலகு டம்ளரை எடுத்தான். ஒரே மூச்சில் குடித்தான். சூடாகத்தான் இருந்திருக்கும்.

"பலகைய யாரு வாசிச்சுச் சொன்னா?" என்று கேட்டான், டம்ளரைப் பார்த்தபடி.

"எந்தப் பலக? எனக்கெங்கவே வாசிக்கத் தெரியும்?"

ஞானசுந்தரி கூரையைப் பார்த்தாள். நான் முற்றத்து மழையைப் பார்த்தேன். டபரா நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பியபோது மேசையில் டபரா இருந்தது, டம்ளர் இருந்தது, பொட்டலம் இல்லை. உலகு கத்தியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒங்கப்பாவுக்கு மறதி ஒண்ணும் கெடயாது தாயி. நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்" என்றான்.

"அப்ப அந்த ரெண்டு தடவ துட்டு?"

"அது எங்களுக்குள்ள உள்ளது."

"ஓசூர்?"

"புதங்கெழம வந்திருவாருல்லா. நாக்காலிக்கு ரெக்சின் போட்டாச்சி. சிவப்பு." என்னிடம் திரும்பாமலே சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான்.

ஆவுடை வேட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைப் பையில் வைக்காமல் பழைய கொடியிலேயே போட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள், இந்தத் தடவை ஒருமுறைதான், சாதாரணச் சத்தத்தில்.

"அந்த ஆறு பேருல இப்பம் யாருப்பா இருக்கா?"

வின்சென்ட் தந்தியை நிறுத்தின வருஷமே போய்விட்டார். மீராசா அதற்கும் முந்தி. பிச்சுமணியும் தாணுமூர்த்தியும் ஒரே கார்த்திகையில். அருளானந்தம் கொரோனாவில், பாதிக் காபிகூட இல்லாமல்.

"உலகநாதன்" என்றேன்.